நானா போட்ட முதல்

நானா எங்கள் வீட்டுக்கு வந்தால் முதலில் மாட்டைத்தான் விசாரிப்பார். அப்புறம்தான் என்னை. பின்வாசலில் நின்று, "என்னம்மா, சௌக்கியமா?" என்று மாட்டிடம் கேட்பார். அது தலையை ஆட்டும். ஈ விரட்டத்தான் ஆட்டுகிறது என்று நான் சொன்னால், "பதில் சொல்றதப் போயி ஈ வெரட்டுறதுன்னு சொல்றீங்களே தங்கச்சி, அதுக்கு மனசு கஷ்டப்படாதா?" என்பார். அவர் முகம் இப்போது எனக்குச் சரியாக ஞாபகம் இல்லை. குரல் மட்டும் இருக்கிறது. அதை இன்னொரு தடவை கேட்டுவிட மாட்டோமா என்று எத்தனையோ நாள் ஏங்கியிருக்கிறேன்.

அப்போது நாங்கள் பிரிக்பீல்ட்ஸில், ரயில்வே குவார்ட்டர்ஸ் வரிசையில் கடைசி வீட்டில் இருந்தோம். என் வீட்டுக்காரருக்கு எஞ்சினில் கரி அள்ளிப் போடுகிற வேலை. ஈப்போவிலும் சிரம்பானிலும் இருந்த நேரம்போக மிச்ச நேரம்தான் வீட்டில் இருப்பார். பிள்ளைகள் இல்லை. வீட்டுக்குப் பின்னால் லாலாங் புல் இடுப்பளவு வளர்ந்து கிடக்கும். அதைத் தாண்டினால் தண்டவாளம். பேச்சுக்கு ஆள் இல்லாத வீட்டில், வாய் நீளமான ஒரு பெண்பிள்ளை தனியாக இருந்தால் என்ன செய்வாள்? வரிசையில் உள்ள எல்லோரோடும் சண்டை போடுவாள். நான் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன்.

நானா நாகப்பட்டினம் பக்கம் ஒரு கடலோர ஊர்க்காரர். கிள்ளானில் தங்கி, துணி மூட்டையோடு சனிக்கிழமை தோறும் ரயிலேறி எங்கள் வரிசைக்கு வருவார். அவர்கள் வீடுகளில் அண்ணனை நானா என்று கூப்பிடுவது வழக்கம். அதனால் நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். மனைவி ஊரில் இருந்தார். மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வருவார்.

எனக்கு ஒரு மாடு வாங்க வேண்டும் என்று ஆசை. குவார்ட்டர்ஸில் பாலுக்கு நல்ல கிராக்கி. ஆனால் கையில் முதல் இல்லை. அதற்கு முன் ஒரு தடவை வளையலை அடகு வைத்து, வட்டி ஏறி, வளையலே போயிருந்தது. இந்தத் தடவை தெரிந்த மனிதராகப் பார்த்துக் கேட்போம் என்று நானாவிடம் கேட்டேன்.

"மாட்டுக்குப் பணம் குடுங்க நானா. மாசாமாசம் வட்டி கரெக்டா குடுத்துடுவேன்."

அவர் மூட்டையைக் கட்டிக்கொண்டிருந்தார். கை அப்படியே நின்றுவிட்டது.

"வட்டி எங்களுக்கு ஆகாது தங்கச்சி. வாங்கவும் கூடாது, குடுக்கவும் கூடாது. வேணும்னா நாம கூட்டு சேரலாம். முதல் என்னுது, ஒழைப்பு உங்களுது. தீனிச் செலவு போக வர்றதுல ஆளுக்குப் பாதி."

பாதியா என்று எனக்குத் திக்கென்றது. கணக்குப் போடுவதில் நானும் லேசுப்பட்டவள் இல்லை. "பாதியெல்லாம் எதுக்கு? மாசம் இவ்வளவுன்னு ஒரே தொகையாப் பேசிக்குவோம். ஒங்களுக்கும் நிம்மதி" என்றேன்.

"மாடு கறக்காத மாசம் எங்கேருந்து குடுப்பீங்க?"

"அது என் பாடு."

"அதான் கூடாதுங்கறேன். மாடு கறந்தாலும் கறக்காட்டியும் எனக்கு இவ்வளவுன்னு பேசிட்டா, அது வட்டியோட ஒடன்பொறப்பு. லாபம் வந்தா ரெண்டு பேருக்கும் வரணும். வரலன்னா ரெண்டு பேருக்கும் வரக்கூடாது."

"மாடு செத்துப்போச்சுன்னா?"

"முதல் போனது எனக்கு. ஒழைப்பு போனது உங்களுக்கு. நீங்க எனக்கு ஒண்ணும் தர வேண்டாம்." மூட்டை முடிச்சை இறுக்கிக்கொண்டே, "உங்க கவனக்கொறைவால செத்தா மட்டும் அந்த நட்டம் உங்களுது" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தானாக வந்து நஷ்டத்தைத் தலையில் ஏற்றிக்கொள்கிற வியாபாரியை அதுவரை நான் பார்த்ததில்லை. "உங்க ஊர்ல எல்லாருமே இப்படித்தானா, இல்ல நீங்க மட்டுமா?" என்று கேட்டேன்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. அவர் ஊரில் கப்பல் கட்டினதே இப்படித்தானாம். நாலு பேர் முதல் போடுவார்கள், கடலோடுகிறவன் உழைப்பைப் போடுவான், பாக்கும் துணியும் கரை சேர்ந்தால் பங்கு பிரிப்பார்கள். கப்பல் முழுகினால் கடலோடியின் வீட்டில் போய் யாரும் பணம் கேட்டு நிற்க மாட்டார்கள். கிள்ளானில் அவருக்குத் தெரிந்த காப்பிக்கடைகளும் சாப்பாட்டுக்கடைகளும் பாதிக்குமேல் அப்படி வந்தவைதானாம். முதல் இல்லாதவன் கை நீட்டாமல் கடைக்கு முதலாளி ஆகிறான் என்றார். "எங்க நபியே வாலிப வயசுல ஒரு அம்மா போட்ட முதல வச்சு வியாபாரத்துக்குப் போனவங்கதான். அங்க பொம்பள முதலு, ஆம்பள ஒழைப்பு. இங்க கொஞ்சம் மாத்தி. அவ்வளவுதான்."

கேரி தீவுப் பக்கத்திலிருந்து மாடு வந்தது. இடது கொம்பு பாதி உடைந்த மாடு. அதனால் விலை குறைந்தது என்று நானா சந்தோஷப்பட்டார். பால் கறப்பது கொம்பு அல்லவே என்று நானும் சந்தோஷப்பட்டேன்.

அந்த மூன்று வருஷம்தான் என் வாழ்க்கையில் நல்ல காலம் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது தோன்றவில்லை. சாணி அள்ளி இடுப்பு ஒடிகிறது என்று புலம்பிக்கொண்டுதான் இருந்தேன். சனிக்கிழமை நாலு மணி ரயில் கூவினால் அடுப்பில் காப்பித் தண்ணீர் வைப்பேன். நானா பின்வாசலில் மண்ணெண்ணெய்ப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்காருவார். மாட்டை விசாரிப்பார், என்னை விசாரிப்பார், ஊரில் இல்லாத என் வீட்டுக்காரரை விசாரிப்பார். பங்கைப் பற்றி அவராக ஒரு நாளும் கேட்டதில்லை. நான் கொடுத்தால் வாங்கி, எண்ணாமல் இடுப்புப் பட்டையில் வைத்துக்கொள்வார். எண்ணிப் பாருங்கள் என்றால், "எண்ணிட்டா அப்புறம் உங்கள நம்பினதுக்கு என்ன அர்த்தம்?" என்பார்.

அந்தப் பங்கு எதற்கு என்று ஒருநாள் சொன்னார். மக்கத்துக்குப் போவதற்கு. இந்த மண்ணுக்கு வந்த நாளிலிருந்து சேர்க்கிறாராம். அந்தப் பயணத்துக்கு எடுத்துப் போகிற காசு சுத்தமாக இருக்க வேண்டும், வட்டி கலந்திருக்கக் கூடாது, அடுத்தவர் பாத்தியதை அதில் ஒட்டியிருக்கக் கூடாது என்றார். "உங்க மாட்டுப் பால்ல வந்த காசு ரொம்ப சுத்தம் தங்கச்சி" என்றார். தண்ணீர் கலக்காத பால் என்று நானும் பெருமையடித்துக்கொண்டேன். அந்த ஊரைப் பற்றிப் பேசும்போது மட்டும் அவர் குரல் இறங்கிவிடும். "ஒரு தடவ அந்த மண்ண மிதிச்சாப் போதும். வேற ஒண்ணும் கேக்கல." மூன்றாம் வருஷக் கடைசியில் கிளம்பிவிடலாம் என்று கணக்கு வைத்திருந்தார்.

இனி நான் சொல்லப்போவது எனக்குப் பிடிக்காத பகுதி.

தண்டவாளத்தைப் பார்த்துக்கொள்ளும் கூலிகளுக்கு மேஸ்திரியாக ஒரு மண்டோர் இருந்தான். எங்கள் மாடு லைன் பக்கம் மேய்கிறது என்று அவன் வந்து கத்தினான். நான் சும்மா இருப்பேனா? புல் என்ன உன் அப்பன் வீட்டுச் சொத்தா என்று கேட்டேன். வரிசையே வேடிக்கை பார்த்தது. மேலே சொல்லி குவார்ட்டர்ஸைக் காலி பண்ண வைக்கிறேன் பார் என்று சொல்லிவிட்டுப் போனான்.

மறுநாள் காலையில் அவனே வரிசை முழுக்கக் கூவிக்கொண்டு வந்தான். "லைன்ல புல்லுக்கு மருந்து அடிக்கிறோம்! வெசம்! ஆடு மாட்ட விடாதீங்க!"

என் காதில் நன்றாக விழுந்தது. விழவில்லை என்று இன்றுவரை என் மனசிடம்கூட நான் சொல்லிக்கொண்டதில்லை. ஆனால் நேற்றைய கோபம் தலைக்கு ஏறியிருந்தது. என் மாட்டை விரட்டுவதற்காக இவன் புளுகுகிறான், பார்க்கலாம் என்று நினைத்தேன். வழக்கமாகக் கட்டுகிற இடத்தைவிட நாலடி தள்ளி, தண்டவாளத்துக்கு ஒட்டியே, அவன் கண்ணில் படுகிற மாதிரி முளை அடித்துக் கட்டினேன். கட்டிவிட்டு உள்ளே வந்து சோறு வடித்தேன். பாட்டுக்கூடப் பாடினேன் என்று நினைக்கிறேன்.

சாயங்காலம் மாடு நிற்க முடியாமல் தள்ளாடியது. வாயில் நுரை. மறுநாள் விடிந்து பால் கறக்கிற நேரத்துக்கு அது இல்லை. கடைசி வரைக்கும் என் கையை நக்கப் பார்த்தது. அதை எழுத எனக்கு இஷ்டமில்லை.

சனிக்கிழமை நானா வந்தார். பின்வாசலில் காலி முளையைப் பார்த்தார்.

"பாம்பு நானா. பாம்பு கடிச்சிருச்சு" என்றேன்.

அந்தப் பொய் எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியவில்லை. நான் யோசித்து வைத்திருக்கவில்லை. வாய் திறந்தது, பாம்பு வெளியே வந்தது.

அவர் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். வெகுநேரம் லாலாங் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "பேசினது பேசினதுதான். முதல் போனது என்னுது. உங்களுக்கு மூணு வருச ஒழைப்புல்ல போச்சு, நீங்க அழாதீங்க" என்றார். நான் மாட்டுக்காக அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டார்.

"மக்கத்துக்குப் போறது?" என்று கேட்டேன்.

"இன்னும் ரெண்டு வருசம் ஆகும். இன்னும் அழைப்பு வரலன்னு அர்த்தம். வந்தா போவோம்."

இரண்டு வருஷம். என் ஒரு காலைக் கோபத்தின் விலை அது. மண்டோரை அந்த மாதமே வேறு லைனுக்கு மாற்றிவிட்டார்கள். அவன் கூவினதைக் கேட்ட அண்டை வீட்டுக்காரர்களுக்கு மாடு எங்கே கட்டியிருந்தது என்று தெரியாது. தெரிந்தவள் நான் ஒருத்திதான். என் வீட்டுக்காரரிடம்கூட நான் சொல்லவில்லை.

நானா சனிக்கிழமைகளில் வருவதை நிறுத்தவில்லை. மாடு இல்லாததால் நேராக என்னை விசாரித்தார். அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. நான் தையல் எடுத்தேன், ஊறுகாய் போட்டு விற்றேன், இட்லி அவித்து எஞ்சின் ஷெட்டுக்குக் கொடுத்தனுப்பினேன். வாய்ச்சண்டைக்கு நேரம் இல்லாமல் போனதால் வரிசையில் எனக்கு நல்ல பெயர்கூட வந்தது. இரண்டாம் வருஷ முடிவில் ஒரு கிடேரி வாங்கினேன். நல்ல கிடேரி, இரண்டு கொம்பும் முழுசாக இருந்தது. இதை நானாவிடம் பிடித்துக் கொடுத்து, நடந்ததைச் சொல்லிவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். என்ன சொல்வது என்று அடுப்படியில் தினமும் ஒத்திகை பார்த்தேன்.

அந்தச் சனிக்கிழமை அவர் மூட்டை இல்லாமல் வந்தார். வெள்ளைச் சட்டை, புதுக் கைலி. கப்பல் துறைமுகத்தில் வந்து நிற்கிறது, வருகிற புதன்கிழமை ஏறுகிறேன் என்றார். முகமெல்லாம் சந்தோஷம். ஆனால் இளைத்திருந்தார். மாடிப்படி இல்லாத எங்கள் வீட்டு வாசலுக்கே மூச்சு வாங்கினார்.

மக்கத்துக்குப் போகிறவர்கள் கிளம்புமுன், பழகினவர்கள், கொடுக்கல் வாங்கல் வைத்தவர்கள் எல்லோர் வீட்டுக்கும் போய், தெரிந்தும் தெரியாமலும் செய்த பிழையைப் பொறுத்துக்கொள்ளும்படி கேட்பார்கள். பொறுத்துக்கொண்டேன் என்று அவர்கள் வாயால் சொல்ல வேண்டும். அப்போதுதான் பாரம் இல்லாமல் போகலாம். கிள்ளானில் எல்லா வீட்டையும் முடித்துவிட்டு, கடைசியாக எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார்.

நான் வாயைத் திறக்குமுன் அவர் திறந்துவிட்டார்.

"தங்கச்சி, உங்ககிட்ட ஒண்ணு ஒப்புக்கணும். மாடு செத்த வாரம் ரயில்ல வரும்போது பாத்தேன், லைன் ஓரம் பூரா புல்லு மஞ்சளாக் கருகிக் கெடந்துச்சு. நீங்க பாம்புன்னு சொன்னீங்க. ஆனா என் மனசுல, இவங்க லைன் பக்கம் கட்டிப்புட்டு மறைக்கிறாங்களோன்னு ஒரு நெனப்பு வந்துருச்சு. வெளிய யாருகிட்டயும் சொல்லல. ஆனா நெனச்சேன். ரெண்டு வருசமா வெரட்டிப் பாக்குறேன், போகல. நம்பி முதல் போட்டவன் அப்படி நெனச்சது தப்பு. நீங்க பொறுத்துக்கணும்."

கைகளைக் கோத்துக்கொண்டு, என்னைவிட இருபது வயது மூத்த மனிதர், என் எதிரே தலை குனிந்து நின்றார்.

பின்னால் கிடேரி கத்தியது. ஒத்திகை பார்த்த பேச்சு முழுவதும் நாக்கு நுனியில் இருந்தது. ஆனால் அவர் கண் கலங்கி நிற்கிறபோது, நீங்கள் நினைத்தது நிஜம் என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. அவமானம் ஒரு பக்கம். கிளம்புகிற மனிதரின் மனசைக் கெடுக்கக் கூடாது, திரும்பி வந்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்று ஒரு சாக்கு இன்னொரு பக்கம். சாக்குதான் ஜெயித்தது.

"பொறுத்துக்கிட்டேன் நானா" என்றேன்.

அவர் பெரிதாக மூச்சு விட்டார். தோள் இறங்கியதை நான் பார்த்தேன். பிறகு கிடேரியிடம் போய், "நீ யாரும்மா, புதுசா இருக்கே?" என்று விசாரித்தார். என்னுடையது என்று நினைத்து, "நல்லா இருக்கு தங்கச்சி, பரக்கத் பெருகட்டும்" என்று வாழ்த்திவிட்டுப் போனார்.

அவர் வரும்வரை அந்தக் கிடேரியை நான் வளர்த்த விதத்தை என் வீட்டுக்காரர் கேலி செய்வார். மகாராணிக்குக்கூட இப்படி வேளை தவறாமல் தீனி கிடைக்காது என்பார். தண்டவாளப் பக்கம் அது முகம் திருப்பினாலே கயிற்றை இழுப்பேன். இது நானாவின் மாடு. அவர் வந்து பின்வாசலில் நிற்பார், நான் சொல்வேன், கயிற்றைக் கையில் கொடுப்பேன். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும். இதை நினைத்து நினைத்தே நான் அந்த மாதங்களை ஓட்டினேன். சனிக்கிழமை நாலு மணி ரயில் கூவினால் கை தானாக அடுப்பில் தண்ணீர் வைக்கும். பிறகு நானே குடிப்பேன்.

கப்பல் திரும்பி வருகிறது என்று கேள்விப்பட்டு, வீட்டுக்காரரின் ரயில்வே பாஸில் துறைமுகத்துக்குப் போனேன். என்ன கூட்டம்! இறங்குகிறவர்களைக் கட்டிப்பிடித்து அழுகிறார்கள், சிரிக்கிறார்கள். நான் ஒரு தூணுக்குப் பக்கத்தில் நின்று எல்லா முகத்தையும் பார்த்தேன். கடைசி ஆள் இறங்கும்வரை பார்த்தேன். நானாவோடு சேர்ந்து போன கிள்ளான் கடைக்காரர் ஒருவரை எனக்கு அடையாளம் தெரியும். அவரிடம் போய்க் கேட்டேன்.

"மௌத்தாயிட்டாரும்மா" என்றார். "எல்லாக் கடமையும் முடிச்சாரு. அப்புறம் நாலு நாள் காய்ச்சல். அங்கேயே அடக்கம் பண்ணினோம். அந்த மண்ணுல அடங்குற பாக்கியம் எல்லாருக்கும் கெடைக்காது."

எனக்கு வந்தது அழுகை அல்ல, கோபம். பாக்கியமாம். அவருக்கு முடிந்துவிட்டது, எனக்கு? இரண்டு வருஷம் முன்னாலேயே, உடம்பு தெம்பாக இருந்தபோதே போயிருந்தால், நாலு நாள் காய்ச்சல் அவரை என்ன செய்திருக்கும்? அந்த இரண்டு வருஷத்தை யார் தின்றது? என்னால் அங்கே நிற்க முடியவில்லை. ஆனாலும் கேட்க வேண்டியதைக் கேட்டேன். இறந்துபோனவருக்குச் சேர வேண்டியது ஒருத்தரிடம் இருந்தால் என்ன செய்வது?

"அவரு வாரிசுக்குப் போய்ச் சேரணும். வேற வழியே இல்ல" என்றார்.

கிடேரியை விற்றேன். அதற்குள் அது சினையாக இருந்தது. வாங்கினவர் இழுத்துப்போனபோது நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். கடைக்காரரிடம் விலாசம் வாங்கி, பணத்தை நானாவின் மனைவிக்கு மணியார்டரில் அனுப்பினேன். கூடவே ஒரு கடிதம். மிஷன் பள்ளியில் நாலு வகுப்புப் படித்த தமிழில், மண்டோர் கூவினது, முளை அடித்தது, பாம்பு என்று சொன்னது, கடைசியில் பொறுத்துக்கொண்டேன் என்று சொன்னது, எதையும் விடாமல் எழுதினேன். எழுதி முடித்ததும் மனசு லேசாகும் என்று நினைத்தேன். ஆகவில்லை. நான் சொல்ல விரும்பினது அவரிடம்.

இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. அந்த அம்மா சொல்லச் சொல்ல யாரோ எழுதியிருந்தார்கள்.

"பணம் வந்து சேர்ந்தது. கடிதத்தை இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டேன். உங்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை. மாட்டைப் பற்றி அவர் எனக்கு எழுதினதே இல்லை. ஒரு நல்ல பெண்ணைத் தப்பாக நினைத்துவிட்டேன், அந்தப் பாவம் என் தலையில் இருக்கிறது என்று மட்டும் இரண்டு வருஷமாகக் கடிதம் தவறாமல் எழுதினார். கப்பல் ஏறுமுன் எழுதின கடைசிக் கடிதத்திலும் அதுதான் இருந்தது. அவள் பொறுத்துக்கொண்டாள், இருந்தாலும் நினைத்தது நினைத்ததுதானே என்று. நீங்கள் அன்றைக்கே சொல்லியிருக்கலாமே அம்மா. மாடு போனது அவருக்குப் பெரிதில்லை. நான் தப்பாக நினைக்கவில்லை என்று சிரித்துக்கொண்டே கப்பல் ஏறியிருப்பார்."

கடிதத்தை மடித்து வைத்துவிட்டுப் பின்வாசலுக்குப் போனேன். முளை அடித்த இடத்தில் புல் மறுபடியும் வளர்ந்திருந்தது. நாலு மணி ரயில் கூவிக்கொண்டு கடந்து போனது. அது போய் முடிகிறவரை காத்திருந்துவிட்டு, "நீங்க நெனச்சது சரிதான் நானா" என்று வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன்.

அதைச் சொல்ல ஒரு மூச்சுகூட ஆகவில்லை.